அல்லிகுழி மலையும் சமணர் குகை என்னும் வழக்கும்

ஆரணி என்றவுடன் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் நினைவில் எழுவது திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நகரமே. அப்பெயர் கொண்ட மற்றோர் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் உள்ளது. ஆந்திர மலைகளில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் கடந்து பழவேற்காட்டுக் காயலை நோக்கி ஓடும் அவ்வாற்றுக்கும், தெற்கே ஓடும் கொசஸ்தலையாற்றுக்கும் இடையில், மேற்கே எழுவது அல்லிகுழி மலைத்தொடர்.

இதன் உயரம் நானூறு மீட்டரை எட்டாது. எனினும் முட்புதரும் குறுமரங்களும் அடர்ந்த காப்புக்காடு. குடியம் சிற்றூரைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதைதான். இம்மலையின் பாறையே விந்தையானது. பண்டை வெள்ளம் உருட்டி வந்த குவார்ட்சைட் கூழாங்கற்கள், சிறியனவும் தலையளவு பெரியனவும், மணலோடு இறுகிப் பாறையாகிவிட்டன. மழையில் அவை மீண்டும் கழன்று ஓடைகளில் இறங்கும். ஆதி மாந்தர் அக்கற்களையே உடைத்துக் கைக்கோடரி செய்தனர். 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் அவற்றைக் கண்டறிந்தார். அவ்விடத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையன என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது.

குடியம் குகை இத்தொடரில் அகன்று நிற்கும் பெரும் பாறைக்குடைவு. 1962-64 அகழாய்வில் அங்கும் கற்கருவிகள் கிடைத்தன. காட்டு மலையில் ஒரு குகை கண்டால் அதனைச் சமண முனிவர் உறைவிடம் எனச் சொல்லிவிடும் ஆர்வம் நம்மவரிடம் உண்டு. அவ்வார்வம் இயல்பானதே, ஆனால் சான்றாகாது. சித்தன்னவாசலிலும் மதுரையைச் சுற்றிய குன்றுகளிலும் முனிவர் பள்ளிகளுக்கு அடையாளங்கள் உள: வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்பின்மேல் வெட்டிய காடி, தமிழி எழுத்துகள். அவை உறுதியான பாறைகள்; உளி சீராக இறங்கும். குடியத்தின் பாறையில் உளி வைத்தால் கூழாங்கல் பெயர்ந்து வரும். படுக்கை செதுக்குவது அரிது. கல்வெட்டுக்கோ இடமே இல்லை.

இப்பகுதியின் சமணத் தொன்மையைத் தேடுவோர் மலையைவிட்டுச் சமவெளிக்கு இறங்க வேண்டும். புழலில் ஆதிநாதர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.