தலை ஆடினால் நரம்பு தேயுமா?

எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்குத் தெரியும். உள்ளே தள்ளுவதற்கு முன் "ஆடாம படுங்க" என்பார்கள். டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில் அந்த ஒரு வரியைக் கடைப்பிடிக்க முடியாததால் ஆராய்ச்சிக்குள் என்னென்ன குழப்பம் வந்தது என்பதுதான் இன்றைய குறிப்பு.

முதலில் அடிப்படை. மூளையில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அளவீடு நடக்கும் சில பத்து மில்லிநொடிகளில் பத்து, இருபது மைக்ரான் நகர்ந்துவிடும். நரம்பிழையின் நீளவாக்கில் சுலபமாகப் போகும், குறுக்கே போகத் திணறும். இந்த வித்தியாசத்தை அளந்தால் இழை ஓடும் திசை கிடைத்துவிடும். 1980களின் நடுவில் டெனி லெ பியான் மூளையில் இப்படிப் படமெடுத்துக் காட்டினார். 1994ல் பீட்டர் பாசரும் அவரும் சேர்ந்த குழு, திசையைக் கணக்கிடும் டென்சர் முறையைக் கொடுத்தது.

சிக்கல் இதுதான்: மைக்ரானை அளக்கும் கருவிக்குள் மில்லிமீட்டர் கணக்கில் ஆடும் தலை! பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் 1977ல் முன்வைத்த எக்கோ பிளானர் முறை பாதி காப்பாற்றியது. மூளையின் ஒரு குறுக்குத் துண்டைப் பத்தில் ஒரு நொடி அளவில் எடுத்துவிடலாம். ஆனால் முப்பது, அறுபது திசைகளில் திரும்பத் திரும்ப எடுக்கணுமே? பல நிமிஷம் ஆகும். அதற்குள் தலை நகர்ந்துவிடும்.

"படங்களைத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்று பொருத்திட்டா போச்சு" என்றுதான் செய்தார்கள். அங்கேதான் பக் இருந்தது. எந்தப் படம் எந்தத் திசையில் அளந்தது என்று ஓர் அட்டவணை உண்டு. படத்தை 5 டிகிரி திருப்பினால் அட்டவணையில் அந்த வரியையும் திருப்பணும். பலர் திருப்பவில்லை. 2009ல் லீமன்ஸ், ஜோன்ஸ் இருவரும் இதைக் கட்டுரைத் தலைப்பிலேயே கண்டிப்பாகச் சொன்னார்கள். நம்ம பாஷையில் சொன்னால், டேட்டாவை மாத்திட்டு மெட்டாடேட்டாவை மறந்த கதை. எதுவும் கிராஷ் ஆகாது. படமும் அழகாகவே இருக்கும். விடை மட்டும் தப்பு.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டர்சன், சோட்டிரோபூலஸ் 2016ல் வெளியிட்ட முறை இன்னும் புத்திசாலித்தனமானது. திசை மாறினால் படத்தின் வெளிச்சமே மாறும் என்பதால் இரண்டு படங்களை நேரடியாக ஒப்பிடுவது சரிவராது. அதனால் மற்ற படங்களை வைத்து, இந்தத் திசையில் படம் எப்படி இருந்திருக்கணும் என்று முதலில் கணிக்கிறது. கணிப்புக்கும் நிஜப் படத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து தலை எவ்வளவு ஆடியது என்று கண்டுபிடிக்கிறது. 'எடி' என்ற அந்த நிரல் இன்று பரவலாகப் பயன்படுகிறது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? 2014ல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் மற்ற குழந்தைகளையும் வைத்து யெண்டிகி குழு ஆராய்ந்தது. ஒரு குழு அதிகம் ஆடினாலே போதும், மூளை இழைகளில் இல்லாத வித்தியாசம் இருப்பதுபோல் தெரிந்தது. அதே ஆண்டில், ஆட்டத்தின் அளவைச் சமப்படுத்தி ஒப்பிட்ட இன்னொரு கட்டுரையில் மூளை முழுக்கப் பரவிய கோளாறு எதுவும் தெரியவில்லை. வலப்பக்கத்து ஒரே ஒரு இழைக்கற்றையில்தான் வித்தியாசம் மிஞ்சியது.

யோசிச்சுப் பாருங்க. அசையாமல் படுக்க முடியாத பிள்ளைக்கு "உன் மூளை வயரிங் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! அதனால் இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: எந்தக் குழு எவ்வளவு ஆடியது?