நிழலுக்கு ஆழம் தேடிய கதை

வளைந்த கம்பி ஒன்றை டார்ச் விளக்கின் முன் பிடித்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் வட்டம். வேறு பக்கம் திருப்பினால் வெறும் கோடு. 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிரால் எடுக்கும் படமும் இத்தகைய நிழலே. அதில் நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. எலும்பு முறிவைக் காண அது போதும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் வெல்டிங் இணைப்பில் ஓட்டை உண்டா என்று சோதிக்கவும் பெரும்பாலும் போதும். துடிக்கின்ற இதயத்தின் மேல் படர்ந்திருக்கும், 3 மில்லிமீட்டர் பருமனே உள்ள தமனிக்குள் கம்பி செலுத்தும் மருத்துவருக்கு அது போதுமா?

முதலில் அத்தமனி கண்ணுக்கே தெரிவதில்லை. இரத்தமும் தசையும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதே காரணம். 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்மன் தம் கை நரம்பின் வழியே மெல்லிய குழாயைத் தாமே இதயம் வரை செலுத்தி, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் செய்த சோதனையில், வேறிடத்துக்குப் போக வேண்டிய சாயம் தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார், தமனி முழுவதும் படத்தில் தெரிந்தது. 1977இல் சூரிச் நகரில் க்ரூன்ட்சிக் சிறு பலூனால் அடைப்பை விரித்துக் காட்டினார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இம்முறையை நம் நாட்டில் தொடங்கிவைத்தார். நெடுங்காலம் சென்னையில் பணியாற்றிய அவர் 2025 ஏப்ரலில் காலமானார்.

ஆனால் சாயத்துக்கு ஒரு குறை உண்டு. தமனி முற்றிலும் அடைபட்டிருந்தால் அடைப்புக்கு அப்பால் சாயம் போகாது. எவ்விடத்தில் வழி தெரிய வேண்டுமோ, சரியாக அவ்விடத்தில் திரை வெறுமையாகிறது. அடைபட்ட பகுதி நேராகச் செல்கிறதா, வளைகிறதா, அதன் நீளம் என்ன? கம்பி வழி தவறினால் தமனிச் சுவரே கிழியலாம். சாயத்தை மேலும் மேலும் செலுத்தினாலோ சிறுநீரகத்துக்குக் கேடு.

இழந்த ஆழத்தை மீட்டுத் தந்தது சி.டி. ஸ்கேன். இக்கதையில் நமக்கு நெருக்கமான பெயர் ஜி. என். இராமச்சந்திரன். 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானவர். தோல், எலும்பு முதலியவற்றில் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவை 1954இல் வெளியிட்டவர். 1971இல் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து பொருளின் உள்வடிவை மீட்கும் கணக்கு ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசினால் மங்கலான உருவம்தான் கிடைக்கும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் செலுத்த வேண்டும். அதன் நடுவில் மிகை மதிப்பு, இருபுறமும் குறை மதிப்பு. அப்போது மங்கல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஃபூரியே கணக்கின் சுற்றுவழி தேவையில்லை. கணிப்பொறியின் வேலை பெரிதும் குறையும். வானொலி வானியலுக்காக பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் அவ்வடிகட்டி இன்றும் ‘ராம்-லாக்’ என்றே அழைக்கப்படுகிறது.

அதே 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அது வேறு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த கருவிகள் வடிகட்டும் முறைக்கு மாறின. 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் போயிற்று. இராமச்சந்திரனின் பெயர் நம் கல்லூரிப் பாடநூல்களில்கூட இவ்விடத்தில் அரிதாகவே வருகிறது என்பது என் மனக்குறை.

தலை அசையாது, இதயம் அசையும். ஒரே சுற்றில் 64 அடுக்குகளை எடுக்கும் கருவிகள் 2004 அளவில் வந்த பிறகே இதயத் தமனியின் சி.டி. படம் நடைமுறைக்கு வந்தது. அதில் சாயம் எட்டாத அடைப்பின் போக்கும், அதில் படிந்த சுண்ணாம்பும் தெரிகின்றன. ஆயினும் அது முன்னரே எடுத்த படம். உள்ளே செல்லும் கம்பி அதில் இராது. கம்பி தெரிவது உயிர்ப்பான எக்ஸ் கதிர்த் திரையில் மட்டுமே. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் என்ன?

ஆழமுள்ள படத்தை ஆழமற்ற நிழலோடு எப்படிப் பொருத்துவது? முதலில் ஆழமுள்ளதையும் நிழலாக்க வேண்டும். எக்ஸ் கதிர்க் குழாய் எந்தக் கோணத்தில், எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது கருவிக்குத் தெரியும். அதே இடத்தில் விளக்கு இருப்பதாகக் கொண்டு, ஸ்கேனிலுள்ள தமனி மரத்தின் நிழலைக் கணிப்பொறி வரைகிறது. பின் அதை மெய்யான நிழலோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் மரத்தைச் சற்றே நகர்த்தி, சற்றே திருப்பி மீண்டும் வரைகிறது. நகர்த்த மூன்று எண்கள், திருப்ப மூன்று எண்கள். ஆறு எண்களைத் தேடும் கணக்கு இது.

உயிரற்ற பொருளானால் கணக்கு அத்துடன் முடிந்துவிடும். இதயமோ நிமிடத்துக்கு 70 முறை அளவில் சுருங்கி விரிகிறது. தமனிகளும் உடன் வளைகின்றன. ஆகவே இ.சி.ஜி. அலையைப் பார்த்து, இதயம் ஓய்ந்திருக்கும் அதே கட்டத்துப் படங்களை மட்டும் இணைக்கிறார்கள். மூச்சுக்கு அத்தகைய ஒழுங்கும் கிடையாது. மூச்சிழுக்கும்போது உதரவிதானம் இறங்க, இதயமும் உடன் இறங்குகிறது. அந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டலாம். தமனியின் பருமன் 3 மில்லிமீட்டர் என்று மேலே சொன்னோம். அதே அளவு பிசகினால் திரையில் வரைந்த கோடு தமனிக்கு வெளியே போய்விடும். எனவே வரைபடம் திரையில் இருந்தாலும், மருத்துவர் கம்பியை அடைப்புக்குள் நுழைக்குமுன் இன்னும் கொஞ்சம் சாயம் விட்டுப் பார்த்துக்கொள்கிறார்.