கம்பம் பள்ளத்தாக்கில் முதலுதவிக் கல்வி

முதலுதவி என்பது, விபத்திலோ திடீர் நோயிலோ சிக்கியவருக்கு மருத்துவர் வரும்வரை அருகில் இருப்பவர் செய்யும் உதவி. இதை யாரும் கற்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறலாம் என்ற எண்ணம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. அந்தக் கல்வி தேனி மாவட்டத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பள்ளிக்கூடம் வழியாக வந்ததைவிட, ரயில், மின்சாரம், ஆலை, பேருந்து ஆகியவற்றின் வழியாக வந்ததே அதிகம். எந்தத் தொழிலுக்குச் சட்டம் சான்றிதழ் கேட்டதோ அந்தத் தொழிலில் இருந்தவர்கள் கற்றார்கள்.

இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877இல் தோன்றியது. அடுத்த ஆண்டு வூலிச் நகரில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற இராணுவ மருத்துவர் பொதுமக்களுக்கு முதல் வகுப்புகளை நடத்தினார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் இசாந்தல்வானா போரில் அவர் இறந்தார். அவர் எழுதிய கையேடு அதன் பிறகே அச்சேறியது. சங்கத்தின் தொண்டர் படை 1887இல் அமைந்தது. அதே 1887இல்தான் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைக்காட்டுக்குள், பென்னிகுயிக் தலைமையில் பெரியாறு அணை வேலை தொடங்கியது. 1895இல் அணை திறக்கப்படுவதற்குள் காய்ச்சலிலும் காலராவிலும் விபத்துகளிலும் கூலியாட்கள் பலர் மடிந்தனர். ஒரு நாட்டில் ரயில்வே ஊழியரும் சுரங்கத் தொழிலாளரும் கட்டுப்போடக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதே அரசின் கீழ் மலையில் கல் சுமந்தவர்களுக்கு அந்தக் கல்வி எட்டவில்லை.

இந்தியாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்சுக்குத் தனிக் குழு 1910இல் அமைந்தது. செஞ்சிலுவைச் சங்கம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. இவ்விரு அமைப்புகளின் சான்றிதழ்கள்தாம் நெடுங்காலம் நம் நாட்டில் செல்லுபடியானவை. மாவட்டச் செஞ்சிலுவைக் கிளைக்கு ஆட்சியரே தலைவர். தேனி 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்படும் வரை இந்தப் பகுதிக்கு எல்லாமே மதுரைதான்.

மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்டது. ரயில்வேயில் முதலுதவி ஒரு பணி விதி. வண்டியின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும். அவர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். (இப்போது அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர், பெட்டி அதே பெட்டிதான்.) சங்கத்தின் முறைப்படி முதல் தேர்வுக்குச் சான்றிதழ், மறுதேர்வுகளில் தேறியவருக்கு வவுச்சர், பிறகு பதக்கம். ஒருமுறை கற்றால் போதாது, கை மறந்துவிடும் என்பதை இந்தப் படிநிலை ஒப்புக்கொண்டது. போடிப் பாதை அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2011 தொடக்கத்தில் நின்றது. 2022இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் வண்டி ஓடியது.

மின்நிலையத்துச் சுவரில் ஒரு படம்

லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்துக்குச் சற்று முன்புதான் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வந்திருந்தன. அவற்றின் 44ஆம் விதி, மின்நிலையங்களிலும் துணை மின்நிலையங்களிலும் ஆலைகளிலும், மின்அதிர்ச்சிக்கு உள்ளானவரை மீட்கும் முறையை விளக்கும் பலகை, உள்ளூர் மொழியிலும் எழுதி மாட்டப்பட வேண்டும் என்றது. பொறுப்பில் உள்ளவர்கள் அதைச் செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சாதாரணத் தமிழ்த் தொழிலாளி ஒருவர், மூச்சு நின்றவரை மீட்க முடியும் என்ற செய்தியை எழுத்தில் முதலில் பார்த்தது பெரும்பாலும் இந்தப் பலகையில்தான் இருக்கும்.

அந்தப் பலகைகளில் இருந்த படங்களை இன்று பார்த்தால் வியப்பாக இருக்கும். விழுந்தவர் குப்புறப் படுத்திருப்பார். உதவுபவர் முதுகை அழுத்துவார். இது ஷேஃபர் 1903இல் சொன்ன முறை. டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் 1932இல் சொன்ன முறையில் முதுகை அழுத்திவிட்டு முழங்கைகளைத் தூக்குவார்கள். இரண்டுமே மூச்சைப் பற்றியவை. இதயத்தை யாரும் தொடவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதும் முறையைப் பாரிஸ் அறிவியல் கழகம் 1740இலேயே நீரில் மூழ்கியவர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. ஆனால் இடையில் அது கைவிடப்பட்டது. 1950களில் ஜேம்ஸ் இலாம், பீட்டர் சாஃபர் இருவரும் அதுவே சிறந்தது என்று சோதனைகளால் நிறுவினர்.

இதயத்தை வெளியிலிருந்து அழுத்தும் முறை வந்த வழி மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையது. அமெரிக்காவில் மின்கம்பி வேலை செய்வோர் அதிர்ச்சியில் இறப்பது பெருகியதால் மின் நிறுவனங்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. ஆய்வை நடத்திய வில்லியம் கவென்ஹோவன் மருத்துவரே அல்லர்; மின்பொறியாளர். அவரோடு பணியாற்றிய நிக்கர்பாக்கர், நாயின் மார்பில் மின்தகடுகளை அழுத்தி வைக்கும்போதே இரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கவனித்தார். அங்கிருந்து கிளம்பி, அறுவை மருத்துவர் ஜூடுடன் சேர்ந்து 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய சி.பி.ஆர். முறையின் மறுபாதி. அதே ஆண்டில் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லார்டல் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். மின்கம்பி ஊழியருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது மின்கம்பி ஊழியரிடம் உடனே வந்து சேரவில்லை. சுவரில் பலகை ஒருமுறை ஏறிவிட்டால் எளிதில் இறங்குவதில்லை.

பாடமே மாறிக்கொண்டிருப்பதுதான் முதலுதவிச் சான்றிதழுக்குக் காலவரம்பு வைத்ததன் உண்மையான காரணம். பாம்புக் கடிக்கு இறுகக் கட்டு, கீறு, உறிஞ்சு என்று பழைய கையேடுகள் கற்பித்தன. இன்று மூன்றும் தவறு. கடிபட்ட கை கால்களை அசைக்காமல் வைத்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே பாடம். கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் உள்ள வயல்நாட்டில் பழைய பாடத்தை நன்றாகக் கற்றவர் ஆபத்தானவராகவும் ஆகலாம். சி.பி.ஆரிலும் அப்படித்தான்: 2010 வரை மூச்சுவழி, மூச்சு, இதயம் என்ற வரிசை, அதன் பிறகு பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவதே முதல். நடு மார்பில், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். பயிற்சி இல்லாதவர் ஊத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும் என்ற எளிய முறையை இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2017இல் வெளியிட்டனர். நீரில் மூழ்கியவருக்கு மட்டும் மூச்சும் தேவை என்பதைச் சுருளியும் கும்பக்கரையும் வைகை அணையும் உள்ள மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். கரையில் கூடுபவர்கள் முதலில் செய்வது வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. அந்த நேரம்தான் வீணாகும் நேரம். இதயம் நின்று நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது.

சட்டம் தொட்டவர்கள், தொடாதவர்கள்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும், அது சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்து நூற்பாலைகளுக்கு இது பொருந்தியது. தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் எடுக்கவும் முதலுதவிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. நடத்துநர் வேலைக்குக் காத்திருந்த எத்தனையோ இளைஞர்களுக்கு முதலுதவி என்றால் விண்ணப்பத்தோடு இணைக்கும் இன்னொரு தாள். மருத்துவர் நடத்தும் வகுப்பும், பொம்மையின் மேல் கை வைத்துச் செய்யும் பயிற்சியும் தாளைவிட முக்கியம் என்பதை உரிம அலுவலகம் சோதிப்பதில்லை.

இந்தச் சட்டங்கள் எதுவும் தொடாதவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறி, ஏலத்தோட்டங்களில் கூலிவேலை பார்த்து மாலையில் இறங்கும் பெண்கள். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் முதல் உதவியாளர் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். பள்ளியில் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தில் இருந்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும், இல்லையென்றால் இல்லை.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியதும் பயிற்சி பெற்ற ஒருவர் வண்டியோடு வந்தார். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய மாற்றம். குமுளியிலிருந்து தேனிக்கே அறுபது கிலோமீட்டர் அளவு இருந்தாலும், மதுரைக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் 2016 மார்ச் 30 தீர்ப்பும், 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் பதில் சொல்லின. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடர முடியாது. பெயர் சொல்லவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் செய்தது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரும் முன்பே மேலே ஏறியவர்கள் உள்ளூர் மக்களும் வனத்துறையினரும்தான். தீக்காயம் பட்டவர்களைத் துணியில் தொட்டில்போல் கட்டித் தூக்கி இறக்கினார்கள். தீக்காயத்துக்கு முதலுதவி இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டுவது. வறண்ட மலைச்சரிவில் அந்தப் பாடம் எப்படிப் பயன்படும்? மலைக்கான முதலுதவி என்பது சுமந்து இறக்கும் கலையையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். அதை அன்று செய்தவர்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கப்படவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசு மலையேற்றத் திட்டத்தின் பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. வழிகாட்டிகள் காட்டையொட்டி வாழும் இளைஞர்கள். அவர்கள் பெறும் பயிற்சியில் முதலுதவியும் ஒரு பாடம்.