பழைய காரும் அதன் கியரும்

பழைய காரொன்றை விலைக்கு வாங்க முற்படுவோர், கைக் கியர் நீடித்து உழைக்குமா, தன்னியக்கக் கியர் நீடித்து உழைக்குமா என்று வினவுவது இயல்பு. யந்திர நூல் இதற்கு ஒரு விடை கூறும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறோ வேறொரு விடை கூறுகின்றது.

தன்னியக்கக் கியர் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் 1939 இலேயே 'ஹைட்ரமற்றிக்' என்னும் கியரை ஓல்ட்ஸ்மொபில் காரில் அறிமுகஞ் செய்தனர். ஆயினும் அக்காலத்தில் இலங்கையில் மலிந்தவை பிரித்தானியச் சிறு கார்களே. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றும் நான்கு கியர் கொண்ட கைக் கியர் வண்டிகள். 1960களில் அந்நியச் செலாவணி முடையால் கார் இறக்குமதி ஒடுக்கப்பட்டது. 1977 இற்குப் பின்னரே தளர்ந்தது. எனவே இவ்வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றைப் பழுதுபார்க்கும் திறனும் ஊர்தோறும் வேரூன்றியது.

1990 இல் சோதனை வந்தது. போரின் காரணமாக விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. சிறிதளவு பெற்றோலினால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. பற்றரி சோர்ந்த வண்டியை நாலு பேர் தள்ளினால் போதும். இரண்டாம் கியரில் இட்டுக் கிளச்சை விடுவித்ததும், சக்கரத்தின் சுழற்சி பற்சக்கரங்களின் வழியே எஞ்சினைச் சுழற்றிவிடும். பெரும்பாலான தன்னியக்கக் கியர்களில் இது இயலாது. அவற்றின் எண்ணெய்ப் பம்பியை இயக்குவது எஞ்சினே. எஞ்சின் சுழலாதபோது எண்ணெயழுத்தம் இல்லை, அழுத்தமின்றேல் கியர் பற்றுவதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரியை நோக்கிப் பெயர்ந்தனர். அத்தகைய நாளிலே முதியோரையும் நோயாளரையும் கொண்ட குடும்பத்துக்கு, தள்ளினால் உயிர்பெறும் பழைய வண்டி பெருந்துணையன்றோ!

இதனால் தன்னியக்கக் கியர் தாழ்ந்ததென்று முடிவு கட்டலாகாது. உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் அதுவும் நெடுங்காலம் உழைக்கும். போர் 2009 இல் முடிந்து கண்டி வீதி திறந்தபின், அவ்வகை வண்டிகளுக்கு வேண்டிய பொருள்களும் தடையின்றி வரலாயின. வாங்குவோர் நோக்க வேண்டியவை சில. தன்னியக்கக் கியரெனில் எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசுகின்றதா, கியர் மாறும்போது வண்டி உதறுகின்றதா என்று காண வேண்டும். கைக் கியரெனில் கிளச் வழுக்குகின்றதா, கியர் தானே கழன்று விழுகின்றதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு இன்னுமொரு வினா உண்டு: பழுதுற்ற நாளில் அதனைத் திருத்தும் கை அருகில் உளதா? சாவகச்சேரி வீதியிலே அரை நூற்றாண்டு கடந்தும் சோமசெற் ஓடியதற்கு, அதன் இரும்பின் உறுதி மாத்திரம் காரணமன்று. அதை அறிந்த கைகளும் காரணமாகும்.