விக்கிப் பக்கங்களில் பயனர் பெயர் காட்டல்

புகுபதிகை செய்து படிப்பவரின் பெயரைப் பக்கத்தின் உள்ளேயே காட்டுவது, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் எளிதான வேலை அல்ல. காரணம் கேச்.

ஒரு பக்கத்தின் விக்கி உரையை மீடியாவிக்கி ஒருமுறை எச்டிஎம்எல்லாக மாற்றி, 'பார்சர் கேச்' எனும் சேமிப்பில் வைக்கிறது. அடுத்து வருவோர்க்கும் அதே பிரதிதான் போகும். வார்ப்புருக்கள் மண்டிய நீண்ட கட்டுரையை மாற்றச் சில வினாடிகள்கூடப் பிடிக்கலாம் என்பதால், இந்தச் சேமிப்பு இல்லாமல் பெரிய விக்கி நடக்காது. புகுபதியாத வாசகர்களுக்கு விக்கிப்பீடியாவில் இன்னோர் அடுக்கும் உண்டு: வார்னிஷ் போன்ற கேச் சேவையகங்கள் முழுப் பக்கத்தையும் தாமே கொடுத்துவிடும். ஆக, "வணக்கம், கவிதா" என்று சேமித்த பிரதியில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் முருகனுக்கும் கவிதா என்றே வணக்கம் கிடைக்கும்.

எனவே படிப்பவர் பெயரைத் தரும் மந்திரச்சொல் (விக்கி உரையில் இட்டால் ஒரு மதிப்பாக மாறும் சொல்) மூல மென்பொருளில் இல்லை. 'ரிவிஷன்யூசர்' என்ற மந்திரச்சொல் தருவது கடைசியாகத் தொகுத்தவரின் பெயர். முன்தோற்றத்தில் தொகுப்பவரின் பெயரே அதில் தெரிவதால், வேலை முடிந்தது என்று நம்பிச் சேமிப்பவர்கள் உண்டு. 'யூசர்ஃபங்ஷன்ஸ்' நீட்சி உண்மையிலேயே பெயரைத் தரும். விலை, அந்தப் பக்கத்தின் கேச் முடக்கம். சிறு அலுவலக விக்கிக்கு அது பொறுக்கும், கூட்டம் வரும் முதற்பக்கத்துக்குப் பொறுக்காது.

பரவலான வழி ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தில் 'இன்சர்ட்யூசர்நேம்' என்ற வகுப்புப் பெயருடன் ஒரு ஸ்பேன் குறிச்சொல்லை இட்டு, அதற்குள் "வாசகரே" என்று எழுதிவைப்பார்கள். விக்கி முழுவதற்கும் பொதுவான காமன்.ஜேஎஸ் பக்கத்திலுள்ள சிறு நிரல், உலாவியில் 'டபிள்யூஜியூசர்நேம்' மாறியைப் படித்து அச்சொல்லை மாற்றும். புகுபதியாதவர்க்கு மாறி வெறுமையாக இருப்பதால் "வாசகரே" அப்படியே நிற்கும். எல்லோருக்கும் ஒரே பிரதி, மாற்றம் மட்டும் அவரவர் கணினியில். பெயர் ஒரு கணம் தாமதித்துத் தோன்றுவதே குறை.

இணைப்பு மட்டும் போதுமென்றால் நிரலே வேண்டாம். 'மைடாக்' என்ற சிறப்புப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், சொடுக்கியவரை அவரவர் பேச்சுப் பக்கத்துக்கே மென்பொருள் அனுப்பிவிடும். நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியவேண்டிய வரிகளுக்குப் பயனர் குழுவுக்கான சிஎஸ்எஸ் போதும். ஆனால் அது மறைப்பு மட்டுமே, பாதுகாப்பு அல்ல. பக்க மூலத்தைத் திறந்தால் யாரும் படிக்கலாம்.

பொதுவான பிரதியைச் சேமித்துவிட்டு, மாறவேண்டியதைப் பிறகு நிரப்பும் இதே போக்கைத்தான் மீடியாவிக்கியும் தன் வேலைக்குப் பின்பற்றுகிறது. பத்தித் தலைப்பருகே வரும் 'தொகு' இணைப்பு சேமித்த பிரதியில் வெறும் இடக்குறிதான்; பக்கம் அனுப்பப்படும்போதே அது இணைப்பாகிறது.