கூரைமேல் ஓர் அறை

கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்வைக் காட்டும் பழைய புகைப்படங்களை ஒருநாள் மாலை நாங்கள் சிலர் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்வலங்கள், கடை வாசல் வரிசைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என எதிர்பார்த்த படங்களே வந்துகொண்டிருக்க, நடுவே ஒரு படம் எங்களை நிறுத்திவிட்டது. பைன் மரங்களுக்கிடையே ஒரு சிறு கார். அதன் தலைமேல், காரைவிடப் பெரிதாகத் தோன்றும் ஒரு கூடாரம். அதிலிருந்து தரைக்கு இறங்கும் ஏணி. ஏணியின் உச்சியில் தலையை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு மனிதர். எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தினைப்புலத்துப் பரண் போலல்லவா இருக்கிறது!" என்றார். அந்தச் சொல் எங்களோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பரணில் ஏறுகிறவர்களுக்கு விரட்டுவதற்குக் கிளிகள் உண்டு. இந்த மனிதர் எதற்காக ஏறினார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

மோட்டார் வண்டியின் கூரையில் படுக்கை விரிக்கும் எண்ணம் கிழக்கு ஜெர்மானியருக்கு மட்டுமே உரியதன்று. இத்தாலியில் 'ஏர் கேம்பிங்' என்ற பெயரில் கூரைக்கூடாரம் 1958 முதலே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆப்பிரிக்கக் காடுகளிலும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பரப்புகளிலும், தரையில் நடமாடுகிறவற்றுக்கு எட்டாத உயரத்தில் உறங்க விரும்பும் பயணிகள் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அங்கெல்லாம் கூரைக்கூடாரம் என்பது வசதியுள்ளவர் தம் பயணத்தோடு சேர்த்துக்கொண்ட இன்னொரு வசதி. கிழக்கு ஜெர்மனியில் சிங்கம் இல்லை, வரிசை இருந்தது.

முதல் வரிசை காருக்கானது. ட்ராபண்ட் என்ற அந்தச் சிறு வண்டி சாக்ஸனி மாநிலத்தின் ட்ஸ்விக்காவ் நகரில் 1957-இல் உற்பத்திக்கு வந்தது. ட்ராபண்ட் என்றால் துணைக்கோள். ஸ்புட்னிக் விண்ணேறியதும் அதே ஆண்டில்தான். 1964-இல் வெளிவந்த 601 என்ற வகை, பெரிய மாற்றம் எதுவுமின்றி கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்தவர்களும் அதற்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். வண்டியின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், எடை 600 கிலோவுக்குச் சற்று மேல். இரு உருளைகள் கொண்ட இரு-வீச்சு எஞ்சின், 1960-களின் இறுதி முதல் 26 குதிரைத்திறன். பெட்ரோலின் அளவைக் காட்டும் முள் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. முன்மூடியைத் திறந்து, தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் மேனியில் நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கார் உடலுக்கு ஏற்ற மெல்லிய எஃகுத் தகடு கிழக்கு ஜெர்மனிக்கு எளிதில் கிடைக்கவில்லை. மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையும் சேர்ந்துகொண்டது. ஆகவே எலும்புக்கூட்டை மட்டும் எஃகில் அமைத்து, அதன்மேல் டூரோபிளாஸ்ட் என்ற பொருளால் தோல் போர்த்தினார்கள். சோவியத் நாட்டிலிருந்து வந்த பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்த பலகை அது. 'அட்டைக் கார்' என்ற கேலி தவறு. ஒரு வகையில் அது பஞ்சுக் கார். கூரையின் மேல்தோலும் அதே பஞ்சுப் பலகைதான். அதன்மேல்தான் இருவர் படுத்து உறங்க வேண்டும்.

*

அடுத்த வரிசை விடுமுறைக்கானது. கிழக்கு ஜெர்மானியர் உள்நாட்டில் விடுமுறையைக் கழிக்கத் தொழிற்சங்கம் நடத்திய விடுதிகள் இருந்தன. கட்டணம் மிகக் குறைவு, இடமும் குறைவு. யாருக்கு, எந்த வாரம், எந்த ஊர் என்பதைப் பணியிடத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதில் இடம் கிடைக்காதவர்களும், விடுமுறையிலாவது சக ஊழியர்களின் முகத்தைக் காண விரும்பாதவர்களும் கூடாரத்தை நாடினார்கள்.

கூடாரம் அடிப்பதும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பால்டிக் கடற்கரையின் முகாம்களில் தங்க உரிமச்சீட்டு வேண்டும். கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். பிரெரோவின் மணற்குன்றுகளைப் போன்ற பெயர்பெற்ற இடங்களுக்கு எப்போதும் போட்டி. அந்தக் கடற்கரை நாட்டின் எல்லையாகவும் இருந்தது. இரவில் எல்லைக்காவல் படையின் தேடுவிளக்குகள் கடலையும் மணலையும் துழாவிக்கொண்டிருந்தன. ரப்பர் படகோடு நீரில் இறங்குகிறவர் டென்மார்க்குக்குக் கிளம்புகிறாரோ என்ற ஐயம் அரசுக்கு ஓயவே இல்லை.

கூரைக்கூடாரம் இந்தச் சீட்டுகளிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் மக்களுக்கு விடுதலை தந்தது என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அது உண்மையாகாது. முகாமுக்குள் கூரைமேல் படுத்தாலும் சீட்டு வேண்டும். அது தந்தது வேறொன்று, சிறியது. கார் நிற்கும் இடமே போதும். தனியாக நிலம் வேண்டாம். மழையில் ஊறிய மண் முதுகைத் தொடாது. மாலையில் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் படுக்கை ஆயத்தம். காலையில் மடித்துக் கட்டிவிட்டுக் கிளம்பலாம். ஓரிடத்தில் மூன்று வாரம் தங்குகிறவரைவிட, இரவுக்கு ஓரிடமாக நகர்ந்துகொண்டே இருக்க விரும்பியவருக்கே அது பொருந்தியது.

இழுவண்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இருந்தன. ஓல்பர்ன்ஹாவ் நகரில் செய்யப்பட்ட, விரித்தால் கூடாரமாகும் 'கிளாப்ஃபிக்ஸ்' என்ற மடக்கு இழுவண்டி நாடெங்கும் புகழ்பெற்றது. அதற்கும் காத்திருக்க வேண்டும். வாங்கியபின் நிறுத்த இடம் வேண்டும். மலைச்சாலையில் ஏறும்போது அந்த 26 குதிரைகளின் நிலையையும் கருத வேண்டும்.

*

ஆகவே தாமே செய்துகொண்டார்கள். அந்நாட்டில் இது விசித்திரமன்று. பழுது நீக்கும் கையேடு இல்லாத ட்ராபண்ட் வீடு அரிது. 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல்வரிசையே அச்சாகிக்கொண்டிருந்தது. கடையில் கிடைக்காததைக் கொட்டகையில் செய்வது பொழுதுபோக்காகவும் கட்டாயமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. இன்று நாம் 'கைவினை ஆர்வம்' என்று சொல்கிற இனிய சொல்லில் அந்தக் கட்டாயம் மறைந்துபோகிறது.

செய்ய முனைகிறவர் முதலில் மோதுவது ஒரு கணக்கோடு. வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர். வளர்ந்த மனிதர் குறுக்கே படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கும். நெடுக்கே படுக்கலாம் என்றால், முன்னும் பின்னும் கண்ணாடிகள் சரிந்து இறங்குவதால் கூரையின் தட்டையான பகுதியும் போதாது. எனவே படுக்கைப் பலகை வண்டியைவிட்டு வெளியே நீண்டாக வேண்டும். ஓடும்போதோ நீளக்கூடாது. அப்படியானால் பலகையை இரண்டாக்கிக் கீல் வைத்து மடிக்க வேண்டும். விரித்தபின் வெளியே நீளும் பாதிக்கு முட்டுக்கால் கொடுக்க வேண்டும். முட்டுக்கொடுக்கும் வேலையை ஏணிக்கே ஒப்படைத்துவிடலாம் என்பது இந்தக் கணக்கின் அழகான விடை. உலகெங்கும் கூரைக்கூடாரம் செய்தவர்கள் பலர் இதே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது எடை. இருவரும் மெத்தையும் பலகையும் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும். வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. டூரோபிளாஸ்ட் கூரையின் நடுவில் அதை வைக்க முடியாது. ஆனால் கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் காடி ஓடுகிறது. எஃகுச் சட்டத்தின் வலு அங்கேதான் இருக்கிறது. சாமான் ஏற்றும் கேரியரின் கால்களை அந்தக் காடியில் கவ்வவைத்தால், சுமை பஞ்சுத் தோலைத் தொடாமல் சட்டத்தின் வழியே சக்கரங்களுக்கு இறங்கிவிடும். நிற்கும் வண்டி அதைத் தாங்கும். ஓடும் வண்டியின் கூரையில் அவ்வளவு எடை கூடாது. ஆனால் அப்போது படுக்கையில் யாரும் இல்லை, உறங்க வேண்டியவர்கள் கீழே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது துணி. நீர் புகாத துணி மூச்சும் விடாது. இருவர் உறங்கும் சிறு அறையில் விடியற்காலையில் உட்புறமெல்லாம் பனித்துக் கொட்டும். மூச்சுவிடும் கித்தானோ, மழைக்காலத்தில் உள்ளே கை பட்ட இடத்தில் ஒழுகும். தையலின் ஒவ்வோர் ஊசித்துளையும் ஒரு சிறு ஓட்டை. கூடாரம் தைத்த எவரும் இந்த இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு வாழக் கற்றவர்தான்.

இப்படிச் செய்தவர்களில் பெயர் நிலைத்தவர் கெர்ஹார்ட் முல்லர். சாக்ஸனியின் லிம்பாக்-ஓபர்ஃப்ரோனா என்ற சிறு நகரத்தவர். 1970-களில் ட்ராபண்ட்டுக்கென அவர் வடிவமைத்த கூரைக்கூடாரம் பிறருக்கும் செய்து தரும் தொழிலாக வளர்ந்தது. பெருந்தொழில்கள் அனைத்தும் அரசுடைமை. எஞ்சியிருந்த தனியார் ஆலைகளும் 1972-இல் அரசின் கைக்குப் போயிருந்தன. ஆனால் ஒரு சிலரை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் சிறு கைத்தொழில்களுக்கு இடம் இருந்தது. 1976 முதல் அவற்றுக்கு அரசு சற்று ஊக்கமும் தந்தது. திட்டமிட்ட பொருளாதாரம் திட்டமிட மறந்த பண்டங்கள் அந்த இடுக்கில்தான் முளைத்தன.

லிம்பாக்-ஓபர்ஃப்ரோனா துணிக்குப் பெயர்போன ஊர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹைன்ரிஹ் மாவர்ஸ்பெர்கர் 1940-களின் இறுதியில் அங்கேதான் நெசவின்றி, நூலடுக்குகளைத் தையலால் பிணைத்துத் துணி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். 'மாலிமோ' என்று உலகெங்கும் வழங்கிய அம்முறையின் பெயரில் 'மா' அவர் பெயரிலிருந்தும் 'லி' ஊர்ப்பெயரிலிருந்தும் வந்தவை. தையல் தெரிந்த ஊர். முல்லரின் கூடாரத்துக்கும் மாலிமோவுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்று நாங்கள் சொல்லவரவில்லை. பஞ்சால் ஆன காருக்குத் துணியால் ஓர் மாடி எழும்பியது இப்படிப்பட்ட ஊரில் என்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

அந்த மாடிவீடுகள் எங்கே போயின? உலகம் அவர்களுக்குக் குறுகியது. போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் 1972 முதல் விசா இன்றிச் செல்ல முடிந்தது. போலந்தில் தொழிலாளர் எழுச்சி தோன்றியதும், 1980 அக்டோபரில் போலந்துக்கான கதவு மூடப்பட்டது. ஹங்கேரிக்கும் பல்கேரியாவுக்கும் அனுமதி பெற்றுப் போகலாம். ஆனால் மாற்றிக்கொள்ளத் தரும் அந்நியப் பணம் மிகக் குறைவு. விடுதிக் கட்டணத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே டப்பா உணவையும் அடுப்பையும் படுக்கையையும் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். கூரைக்கூடாரத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது.

ஹங்கேரியின் பாலட்டன் ஏரிக்கரை இந்தக் கதையில் தனியிடம் பெறத்தக்கது. பெர்லின் சுவருக்கு இருபுறமும் பிரிந்துபோன குடும்பங்கள் கோடையில் அங்கே சந்தித்துக்கொண்டன. மேற்கிலிருந்து வரும் அண்ணன் மார்க் நாணயத்தோடு வந்து விடுதியில் தங்குவார். கிழக்கிலிருந்து வரும் தம்பி முகாமில் தங்குவார். பகலில் ஒரே ஏரியில் நீந்தி, ஒரே மேசையில் உண்டு, இரவில் ஒருவர் அறைக்கும் மற்றவர் கூடாரத்துக்கும் திரும்பிய அந்தப் பிரிவைப் பற்றி யாரேனும் நாவல் எழுதியிருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

1989 மே 2 அன்று ஹங்கேரி, ஆஸ்திரிய எல்லையிலிருந்த முள்வேலியை அகற்றத் தொடங்கியது. அந்தக் கோடையில் அங்கே முகாமிட்டிருந்த கிழக்கு ஜெர்மானியர் பலர் விடுமுறை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரான் அருகே நடந்த 'பான்-ஐரோப்பிய வனபோஜன'த்தின்போது 600 பேருக்கு மேல் எல்லையைக் கடந்து ஓடினார்கள். செப்டம்பர் 11 பிறந்த நள்ளிரவில் எல்லை அவர்களுக்கு முறையாகவே திறந்துவிடப்பட்டது. ப்ராக் நகரிலோ, மேற்கு ஜெர்மனித் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தவர்கள் அதன் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள். அங்கும் தங்குமிடம் கூடாரம்தான். சுற்றியிருந்த தெருக்களில் ட்ராபண்ட்கள் வரிசையாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்து வாங்கிய வண்டி, சாவியோடு நடைபாதை ஓரத்தில். அந்தக் காட்சியின் நினைவாக டேவிட் செர்னி என்ற செக் சிற்பி 1990-இல், நான்கு கால்களில் நடக்கும் ட்ராபண்ட் ஒன்றைச் செய்தார். அதன் வெண்கலப் படி இன்றும் அந்தத் தூதரகத் தோட்டத்தில் நிற்கிறது.

1990 ஜூலை 1 அன்று மேற்கின் மார்க் கிழக்கிலும் நாணயமானது. அதன்பின் ட்ராபண்ட்டையோ அதன் தலைமேல் ஏற்றும் எதையுமோ வாங்க ஆளில்லை. 1991 ஏப்ரல் 30 அன்று ட்ஸ்விக்காவில் கடைசி வண்டி உருண்டு வெளியே வந்தது. எஞ்சிய கூடாரங்களை இப்போது ட்ராபண்ட் அன்பர்கள் கூடும் விழாக்களில் பார்க்கலாம். நல்ல நிலையிலுள்ள ஒன்றுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்களிடமிருக்கும் படத்தில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை. பைன் மரங்களை வைத்து அது பால்டிக் கரை என்று ஒருவரும், தரையில் கிடக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்துத் தொலைப்பயணத்தின் நடுவே எடுத்தது என்று இன்னொருவரும் வாதிட்டார்கள். வண்டியின் எண்பலகை ஏணிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மேலே இருக்கும் மனிதர் கேமராவைப் பார்க்கவில்லை. சாலை இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறார்.