வாட்டொழிலும் திருநீற்றுநெறியும்

பண்டை நூலோர் வித்தைகளைப் பதினான்கென வகுத்தனர். அவற்றோடு உபவேதம் நான்கினையும் கூட்டிப் பதினெட்டு என்றலும் உண்டு. அந்நான்கனுள் ஒன்று தனுர்வேதம். அது வில், வாள், வேல் முதலிய படைக்கலங்களைப் பயிலும் முறையை உணர்த்துவது. ஆகவே, படைக்கலப் பயிற்சியும் கல்வியுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டமை பெறப்படும். இக்கல்வி உயிர்க்கு உறுதி பயக்குமோ, பயவாதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. கைத்திறம் முதிர முதிர உள்ளமும் தானே பக்குவமுறும் என்பர் ஒருசாரார். கொலைக்கருவி ஏந்தும் தொழில் சிவநெறிக்குச் சிறிதும் இயையாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் வரலாற்றோடு பொருந்துமாறில்லை.

முதற்கூற்றிற்குப் புதுச்சேரியின் வரலாறே தக்க மறுமொழியாகும். 1746-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைக்கு அண்மையில் அடையாற்றங்கரையில், பரதி என்னும் தளபதியின் கீழ்ச் சென்ற பிரஞ்சுப் படை, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூசுகானது பெரும்படையை முறியடித்தது. பிரஞ்சுப் படையினர் ஏறத்தாழ ஆயிரவரே. எதிர்ப்படையோ பன்மடங்கு பெரிது. அணிவகுத்து நிற்றலும், ஆணைக்கு ஒருங்கே சுடுதலும் ஆகிய பயிற்சியே அவ்வெற்றிக்குத் தலையாய காரணமாயிற்று. படைத்தொழில் நுட்பம் புதுவையில் அக்காலத்து உயர்ந்து நின்றமைக்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாண்டு கழிந்து, 1748-ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டனர். அம்முற்றுகை நிகழ்ந்துகொண்டிருந்த செப்டம்பர்த் திங்களில், துய்ப்ளே கவர்னராயிருந்தபொழுது, நகரின்கண் இருந்த வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இக்கொடுநிகழ்ச்சியைத் தம் நாட்குறிப்பில் வரைந்துவைத்துள்ளார். முற்றுகை அக்டோபரில் நீங்கியது. பிரஞ்சுக்காரர் தம் வெற்றியைக் கொண்டாடினர். ஆயின் 1761-ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரமே ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. இதனைத் தெய்வதண்டனை என்று துணிதல் வரலாற்று நெறியன்று. கருதற்பாலது இதுவே: பத்தாயிரவரை வெல்லும் பயிற்சி உள்ள இடத்தும், பிறர் வழிபடும் இடத்தைக் காக்கும் அறிவு உடன் தோன்றவில்லை. கைத்திறம் வேறு, உயிரின் பக்குவம் வேறு.

இனி, இரண்டாங்கூற்றினை மறுப்பது ஏனாதிநாத நாயனார் வரலாறு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் போற்றிய இவ்வடியாரின் வரலாற்றை, கி.பி. 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். சோழநாட்டில் குடந்தையை அடுத்த எயினனூரில் தோன்றிய இவர்க்கு வாள்வித்தை பயிற்றுதலே தொழில். அத்தொழிலால் வந்த பொருளைச் சிவனடியார்க்கே ஆக்கினார். இவரிடம் மாணாக்கர் பெருக, அதே தொழிலுடைய தாயத்தானாகிய அதிசூரனுக்கு வருவாய் குன்றிற்று. அவன் படை திரட்டி வந்து பொருது தோற்றோடினான். பின்னர், பிறர் மடியாவண்ணம் இருவேம் மட்டும் தனித்துப் பொருவோம் என்று சொல்லிவிடுத்தான், நாயனாரும் இசைந்தார்.

அதிசூரன் அதன்முன் திருநீறு அணிந்தறியாதவன். அன்று நெற்றியில் நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். நாயனார் வாள் வீச அணுகியபொழுது கேடகத்தை விலக்கினான். வெண்ணீற்றைக் கண்ட நாயனார், இவர் சிவபெருமானுக்கு அடியவராயினார் எனக் கொண்டு போர் ஒழிந்தார். வாளையும் பலகையையும் எறிந்துவிடவே முதலில் எண்ணினார். படையில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி எதிர்நின்றவனைச் சாருமே என்று உட்கொண்டு, அவற்றை ஏந்தியபடியே, பொருவார்போல் நேர்நின்றார். அப்பாதகன் தன் கருத்தை முற்றுவித்தான். பகைவன் கைவாளே பாசமறுக்கும் வாளாக, இறைவன் நாயனாரைத் தம்மை விட்டுப் பிரியாதவாறு ஆட்கொண்டருளினான்.

இவ்விருவரும் கற்றது ஒரே வித்தை. பிறந்த குடியும் ஒன்று. எனவே, வேற்றுமை வித்தையினால் வந்ததன்று. கி.பி. 13-ஆம் நூற்றாண்டில், புதுவைக்கு மேல்பாலதாகிய திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் அருளிய சித்தாந்தத்தின்படி, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. அதிசூரனது அறிவு ஆணவத்தைச் சார்ந்தது. ஆதலின் அவனுக்குத் திருநீறும் கேடகம்போல ஒரு சூழ்ச்சிக்கருவியாயிற்று. நாயனார் அறிவு சிவத்தைச் சார்ந்தது. ஆதலின் அவர் கையில் வாளும் அருளுக்குக் கருவியாயிற்று. வாளை எறியாது பிடித்து நின்றமை இங்கே உற்றுநோக்கத்தக்கது. அடியவர் வேடத்தின்மேல் வைத்த அன்பு அவரைப் போர் ஒழிப்பித்தது. கொல்ல வந்தவன்மேற் சென்ற இரக்கம் படையை ஏந்துவித்தது.

அன்றியும், வெல்லும் வலியில்லாதான் நின்று மடிதல் தோல்வியே. முன்னரே அதிசூரனைப் புறங்கண்ட நாயனார், மீட்டும் வெல்லும் ஆற்றல் உடையராயிருந்தும் ஒழிந்து நின்றமையே திருத்தொண்டாயிற்று. ஆகவே, அவர் பெற்ற பயிற்சி வீண்போயதன்று. இறைவன் திருவடியில் இடுதற்கு அவர்பால் இருந்த பொருள் அதுவே.

பரஞ்சோதியார் வரலாறும் இதனை வலியுறுத்தும். படைத்தொழிலில் வல்லுநராகிய இவர் பல்லவர் படைத்தலைவராய் வாதாபியை அழித்தவர், அவ்வெற்றி கி.பி. 642 அளவினது என்பர் வரலாற்றாசிரியர். இவர் சிவனடியார் என்றறிந்த வேந்தன், போருக்கு விடுத்தமைக்கு வருந்தி, நிதியளித்து விடைகொடுத்தான். திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதூட்டி, அவர்முன் மிகச் சிறியராய் ஒழுகினமையாற் சிறுத்தொண்டர் என்னும் பெயர் பெற்றார். உலகம் அவரை அப்பெயராலேயே வழங்குகின்றது.

சிலம்பம் பயில்வார் ஆசானையும் நிலத்தையும் வணங்கிக் கோலெடுத்தல் இன்றும் தமிழ்நாட்டு மரபு. அவ்வணக்கம் பயிற்சிக்கு முற்பட்ட வெறுஞ்சடங்காக நின்றுவிடின் பயனில்லை. பெற்ற திறனைத் தனதென்று செருக்காமல், எதிர்நிற்பான்பாலும் இறைவனைக் காணும் அறிவாக அது முதிர்தல் வேண்டும். அம்முதிர்ச்சியைப் படைக்கலம் தாராது. சிவனடியும் அடியாரும் தருவர். அது வாய்த்தவழிப் படைக்கலக் கல்வியும் சிவத்தொண்டாம் என்பதற்கு ஏனாதிநாதர் வாழ்வே சான்று.